வினாத்தாளோடு வரச் சொல்லுங்கள்

பெறுநர்:
சேலம் வட்டாரக் கல்லூரி முதல்வர்கள், உள்தர உறுதிக் குழு ஒருங்கிணைப்பாளர்கள், துறைத்தலைவர்கள்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

கல்லூரி திறக்கும் நேரத்தில் உங்கள் மேசைக்கு வரும் கோப்புகளில் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிலரங்கத்துக்கான முன்மொழிவும் ஒன்று. 5 நாள், நாளுக்கு நான்கு அமர்வு, பத்துப் பன்னிரண்டு பேச்சாளர், தொடக்க விழா, நிறைவு விழா. போன ஆண்டுத் தாளிலேயே தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். அதில் கையெழுத்துப் போடுமுன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். எங்கள் கோரிக்கை சின்னது. பங்கேற்கும் ஆசிரியர் தாம் தயாரித்த வினாத்தாளையும், அடுத்து நடத்தப்போகும் பாடத்தையும் கையோடு கொண்டுவரட்டும். அவற்றைத் திருத்தி எடுத்துக்கொண்டு வீடு திரும்பட்டும். ஆறு வாரம் கழித்து அரைநாள் அதே ஆட்களைத் திரும்பக் கூட்டுங்கள்.

“சான்றிதழுக்காகத்தான் வருகிறார்கள்” என்று ஆசிரியர்களைக் குறை சொல்வதை முதலில் ஓரம் வைப்போம். வரத்தான் செய்வார்கள், விதி அப்படி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஓர் உதவிப் பேராசிரியர் ஊதிய நிலை 10-லிருந்து 11-க்குப் போக, 21 நாள் ஓரியன்டேஷன் (கற்பித்தல் முறை பற்றிய அறிமுகப் பயிற்சி) ஒன்று முடித்திருக்க வேண்டும். கூடவே ஒரு ரிஃப்ரெஷரோ (புத்தாக்கப் பயிற்சி), குறைந்தது 5 நாள் பயிலரங்கமோ, சான்றிதழோடு ஒரு மூக் படிப்போ (எல்லோருக்கும் திறந்த இணையவழிப் படிப்பு) வேண்டும். 11-லிருந்து 12-க்கு இரண்டு வாரப் பயிற்சி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு வாரப் பயிற்சி இரண்டைக் காட்டலாம். நிலை 10-ல் தொடக்கச் சம்பளம் 57,700 ரூபாய், 11-ல் 68,900, 12-ல் 79,800. இவ்வளவு தொங்கும் ஒரு தாளை யார் வேண்டாம் என்பார்? கல்லூரிப் பக்கமும் நிலைமை அதேதான். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டில் ஆறாவது அளவுகோலில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று காட்ட வேண்டியிருக்கிறது. ஆசிரியரும் எண்ணுகிறார், நிறுவனமும் எண்ணுகிறது. வகுப்பறையில் என்ன மாறியது என்று கேட்க ஆளில்லை.

ஆகவே 5 நாளைக் குறையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த 5 நாளுக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை எந்த விதியும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 6 மணி, 5 நாளுக்கு 30 மணி. முதல் நாள் 10 மணிக்குக் குத்துவிளக்கு; வரவேற்புரை, தலைமையுரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேநீர் எல்லாம் முடிந்து உட்காரும்போது பதினொன்றே முக்கால். கடைசி நாள் பிற்பகல் கருத்துப் படிவம், குழுப்படம், சான்றிதழ் வழங்கல் என்று 2 மணி. 15 நிமிடத் தேநீர் இடைவேளை ஒவ்வொன்றும் அரை மணியாக நீள்வதில் நாளுக்கு அரை மணி, மொத்தம் இரண்டரை. ஆறேகால் மணி போயிற்று. மிச்சம் இருபத்து மூன்றே முக்கால். அதில் பங்கேற்பவர் தாளும் பேனாவுமாக எதையாவது செய்த நேரம் எவ்வளவு என்று சென்ற முறை நடந்த நிகழ்ச்சி நிரலை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். இரண்டு மணி தேறினால் அதிகம். நாங்கள் கேட்பது 16 மணி. தொடக்க விழாவை 20 நிமிடத்தில் முடிக்க ஒரு வழி உண்டு: பேசுவோர் இரண்டே பேர், பொன்னாடையை மதிய உணவு இடைவேளையில் போர்த்துங்கள். யார் மனமும் நோகாது.

பேச்சாளருக்கு எழுதும் அழைப்புக் கடிதத்தில் தலைப்பு, தேதி, பயணப்படி தவிர வேறெதுவும் இருப்பதில்லை. இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்: 75 நிமிட அமர்வில் உங்கள் பேச்சு 20 நிமிடம், பங்கேற்பவர் வேலை 40 நிமிடம், கலந்து பேச 15, ஸ்லைடு எட்டுக்கு மேல் வேண்டாம், பங்கேற்பவர் கையில் கொடுக்க ஒரு பக்கத் தாள் மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். ஒத்துவராதவர் தாமாகவே வேறு தேதி சொல்லிவிடுவார், அதுவும் நல்லதே.

இடையில் ஒன்று. “படித்தால் 10 விழுக்காடு, கேட்டால் 20, செய்தால் 75, பிறருக்குக் கற்பித்தால் 90 மனதில் நிற்கும்” என்று ஒரு முக்கோணப் படம் ஏறக்குறைய எல்லாப் பயிலரங்கிலும் திரையில் வரும். அந்த எண்களுக்கு ஆய்வு அடிப்படை எதுவும் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் வரைந்த கூம்புதான் மூலம் என்பார்கள். அந்தக் கூம்பில் விழுக்காடே கிடையாது, யாரோ பின்னால் ஒட்டவைத்தது. “காட்சிவழி கற்போர், செவிவழி கற்போர்” என்று மாணவரைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிப்பதும் அப்படியே. பிரித்துக் கற்பித்ததால் மதிப்பெண் கூடியது என்பதற்கு உருப்படியான சான்று கிடைக்கவில்லை. ஆய்வுமுறை சொல்லித்தரும் ஆசிரியர்கள் கூட்டத்திலேயே இவை கைதட்டல் வாங்குகின்றன என்பதுதான் வேடிக்கை.

அடுத்து ஏற்காடு. சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காட்டில் பயிலரங்கம் வைக்காமல் இருப்பது சிரமம்தான், தெரியும். ஆனால் கோரிமேடு, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதில் நாளுக்கு இரண்டு மணிக்கு மேல் போகும். தங்கினால் அந்த நேரம் மிச்சம். ஆனால் கைக்குழந்தை உள்ள பெண் ஆசிரியர்கள் பட்டியலிலிருந்து தாமாக விலகிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பகோடா பாயின்ட், ஏரி, லேடீஸ் சீட் என்று பேச்சு திரும்பியபின் யாரையும் உட்காரவைக்க முடியாது. சுற்றுலாவுக்குச் சுற்றுலா என்றே பெயர் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள். ஆசிரியர்களுக்கு அதுவும் தேவைதான். பயிற்சிக்குக் கருத்தரங்கக் கூடம்கூட வேண்டாம். மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பறை, அதே பெஞ்சு, அதே மின்விசிறிச் சத்தம் இருக்கட்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான் கரும்பலகையின் கீழ்ப்பாதி தெரியவில்லை என்பது தெரியும்.

இனி வேலைக்கு வருவோம். வினாத்தாளிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடம் நடத்துவது எப்படி என்றால் எல்லோரும் தம் முறையே சரி என்பார்கள். வினாத்தாள் கையில் இருக்கும் பொருள், மறுக்க முடியாது. உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். கிடைவரிசையில் ஐந்து அலகுகள். நெடுவரிசையில் மூன்றே மூன்று: நினைவிலிருந்து எழுதுவது, புரிந்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்துவது, பகுத்து ஆராய்ந்து முடிவு சொல்வது. ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கான மதிப்பெண். கற்றல் நோக்கங்களைத் தரம் பிரிக்கும் ப்ளூமின் ஆறு படிகளை இங்கே இழுக்க வேண்டாம். 1956-ல் வந்த அந்தப் பட்டியலும் 2001-ல் திருத்தியதும் பிரமிடு படமாக எல்லோருக்கும் மனப்பாடம். ஆறு படிக்குப் பிரிக்கச் சொன்னால் ‘இது மூன்றாவதா நான்காவதா’ என்ற சண்டையிலேயே மணி போய்விடும். மூன்று போதும். பெரும்பாலான தாள்களில் முதல் நெடுவரிசை தடித்தும் மூன்றாவது காலியாகவும் இருப்பதைப் போட்டவரே பார்ப்பார். ‘விவரி’, ‘குறிப்பு வரைக’, ‘சிறப்பியல்புகளை எழுதுக’ என்று முடியும் வினாக்களில் இரண்டை அங்கேயே மாற்றி எழுத வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் இந்த வேலை ஏற்கெனவே நடக்கிறது என்பார்கள்: ஒவ்வொரு பாடத்தின் பயனும் மொத்தப் படிப்பின் பயனோடு எவ்வளவு பொருந்துகிறது என்று எக்செல் தாளில் 3, 2, 1 போடுகிறார்கள். அங்கீகாரக் குழு வருமுன் பின்னாலிருந்து நிரப்பிய தாளில் எல்லாக் கட்டமும் 3. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

அதே நாள் பிற்பகல் வினாப் பகுப்பாய்வு. ஒரு மதிப்பெண் வினாக்கள் உள்ள தேர்வின் விடைத்தாள்கள் வேண்டும். 60 பேர் எழுதியிருந்தால் மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து 27 விழுக்காடு, அதாவது 16 தாள்; கீழிருந்து 16 தாள். நடுவில் உள்ள 28-ஐக் கட்டி வைத்துவிடலாம். ஒவ்வொரு வினாவுக்கும் மேல் கட்டில் எத்தனை பேர் சரி, கீழ்க் கட்டில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். இரண்டையும் கூட்டி 32-ஆல் வகுத்தால் எளிமைக் குறியீடு. மேலிலிருந்து கீழைக் கழித்து 16-ஆல் வகுத்தால் பிரித்தறியும் குறியீடு; நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் அந்த வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது அது. நான்காவது வினாவை மேலே 14 பேரும் கீழே 6 பேரும் சரியாக எழுதியிருந்தால் முதலாவது 0.63, இரண்டாவது 0.50, நல்ல வினா. ஏழாவது வினாவை மேலே 7, கீழே 9 என்றால் பிரித்தறியும் குறியீடு கழித்தல் 0.13. நன்றாகப் படித்தவர்தான் அதிகம் தவறியிருக்கிறார்கள். அப்படி வந்தால் மாணவரைப் பார்க்காதீர்கள், விடைக்குறிப்பைப் பாருங்கள். விடைக்குறிப்பே தப்பாக இருக்கும், அல்லது இரண்டு விடை சரியாக இருக்கும், அல்லது கேள்வியில் ஓர் ‘அல்லாத’ மறைந்திருக்கும். 0.40-க்கு மேல் மிக நன்று, 0.20-க்குக் கீழ் திருத்தவோ தூக்கவோ வேண்டும் என்பது பொது வழக்கம். ஆனால் 16 பேரை வைத்துப் போடும் கணக்கு இது, 0.25-க்கும் 0.31-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக்கொண்டு யாரும் கட்டுரை எழுத வேண்டாம். கணினி தேவையில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் 10 வினாவுக்கு 40 நிமிடம்.

மதிப்பெண் போடும் பயிற்சிக்கு இதைவிடக் குறைந்த செலவு. ஒரே துறையைச் சேர்ந்த எட்டுப் பேர், ஒரே ஒரு 10 மதிப்பெண் விடையின் நகல். யாரும் யாரோடும் பேசாமல் மதிப்பெண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்துப் போட வேண்டும். பிரித்துப் பலகையில் வரிசையாக எழுதினால் அறை கொஞ்சம் அமைதியாகிவிடும். நாலும் எட்டும் ஒரே விடைக்கு வந்திருந்தால் வியப்பில்லை. பிறகு 20 நிமிடம் உட்கார்ந்து விடைக்கூறுகளைப் பிரிக்கட்டும்: கருத்து நான்கு, ஒவ்வொன்றுக்கும் 2, படத்துக்கு 1, எடுத்துக்காட்டுக்கு 1. இதை வைத்து இன்னொரு மாணவரின் விடையைத் திருத்தி மறுபடி சீட்டுப் போட்டால் இடைவெளி சுருங்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் கேள்வி மொட்டையாக இருக்கிறது என்று பொருள். கையெழுத்துக்கும் அரைப்பக்க முன்னுரைக்கும் எத்தனை மதிப்பெண் போய்க்கொண்டிருந்தது என்பதும் அப்போது வெளியே வரும்.

சிறு குழுவின் முன் சில நிமிடப் பாடம் நடத்திப் பழகும் நுண்கற்பித்தலுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். கெட்டுப்போவது அங்கேதான் அதிகம். நம் நாட்டில் பி.எட். கல்லூரிகளில் வழங்கும் முறை 36 நிமிடச் சுற்று: கற்பித்தல் 6, கருத்துரை 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுகருத்துரை 6. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் பின் ஒருவராகச் செய்தால் 216 நிமிடம், மூன்றரை மணிக்கு மேல், பாதிப்பேர் சோர்ந்துவிடுவார்கள். முதலாமவர் மறுதிட்டத்துக்காக வெளியே போகும் 12 நிமிடத்தில் இரண்டாமவர் தம் 6 நிமிடப் பாடத்தையும் கருத்துரையையும் முடித்துவிடலாம். முதலாமவர் திரும்பி வந்து மறுகற்பித்தல் செய்யும்போது இரண்டாமவர் வெளியே போய்த் திட்டமிடுவார். இப்படி இருவர் இருவராகக் கோத்தால் ஒரு இணைக்கு 48 நிமிடம், மூன்று இணைக்கு 144 நிமிடம். 24 பேருக்கு நான்கு அறை, அறைக்கு ஒரு நெறியாளர், ஒரு முற்பகலில் முடியும். நேரத்துக்கு மணி அடிக்க நெறியாளரைத் தவிர இன்னோர் ஆள் வேண்டும். நெறியாளரே மணி பார்த்தால் 6 நிமிடம் 15 ஆகும்.

ஒரு சுற்றுக்கு ஒரே திறன். “நல்லா நடத்துங்க” என்று விடக்கூடாது. கேள்வி கேட்டபின் காத்திருத்தலை முதல் திறனாக வையுங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தால் விடை நீளமாகிறது, பேசாதவரும் பேசுகிறார். மூன்று நொடி என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். மனதுக்குள் ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று’ என்று சொல்லிக்கொள்ளலாம். பார்வையாளர் ஒருவர் கையில் தாள் வைத்துக்கொண்டு எண்ணுவார்: எத்தனை கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி, பதில் சொன்னது யார், எத்தனை கேள்விக்கு ஆசிரியரே பதில் சொல்லிக்கொண்டார். கருத்துரை என்பது இந்த எண்களைப் படிப்பது மட்டும். “சூப்பர் சார்”, “மேடம் வாய்ஸ் நல்லா இருக்கு” என்பதற்கு அங்கே இடமில்லை. “அந்த வரையறை தப்பு” என்று பாடப்பொருளுக்குள் இறங்குவதற்கும் இல்லை.

துறைத்தலைவரையும் அவர் துறை இளம் ஆசிரியரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். போட்டால் ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர் “சரிங்க சார்” என்பார். மாணவராக நடிப்பவர்கள் சேட்டை செய்து காட்டுவதும் ஒரு தொந்தரவு. ‘முதலாண்டு மாணவர், பாடம் புதிது, கவனிக்கிறார்’ என்று பாத்திரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். படம் பிடிப்பதானால் கற்பிப்பவரின் சொந்தக் கைபேசியில் மட்டும். வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு துணுக்கு போனாலும் மறுநாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வகுப்பில் 60 பேரையும் ஒரே நேரத்தில் பதில் சொல்லவைக்க, இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் ஹார்வர்டில் 1990-களில் பழக்கிய முறை ஒன்று இங்கே நன்றாக ஓடும். செலவு தலைக்கு ஒரு ஏ4 தாள். நான்காக மடித்து ஒவ்வொரு கால்பகுதியிலும் பெரிதாக அ, ஆ, இ, ஈ. கேள்வி நான்கு விடைகளோடு பலகையில். சேலத்துப் பிள்ளைகளுக்கு மேக்னசைட்டையே (மேக்னீசியம் கார்பனேட் கனிமம்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. ‘தூய மேக்னசைட் ஒரு டன்னைச் சூளையில் முழுதாகச் சுட்டால் கிடைக்கும் திடப்பொருளின் எடை: அ. கூடும், ஆ. மாறாது, இ. சிறிது குறையும், ஈ. பாதிக்கு மேல் குறையும்.’ அ சொல்பவர் சுட்டால் ஆக்சிஜன் சேரும் என்று நினைக்கிறார். ஆ சொல்பவர் நிறை அழிவின்மையை மனப்பாடம் செய்து தப்பாகப் பொருத்துகிறார். இ சொல்பவருக்கு ஈரம் மட்டும் போகிறது. மேக்னீசியம் கார்பனேட் 84.3 கிராமிலிருந்து ஆக்சைடு 40.3 கிராம்தான் மிஞ்சும். டன்னுக்குச் சுமார் 478 கிலோ, மீதி கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. தவறான விடை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மாணவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா நிரப்பிய விடை இருந்தால் கேள்வி வீண்.

எல்லோரும் ஒரே நேரத்தில் தாளை மார்புக்கு முன்னால் காட்ட வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் பக்கத்தில் பார்த்துத் திருப்பிவிடுவார்கள். 60-ல் சரியானது 18-க்குக் குறைவா, பேசிப் பயனில்லை, திரும்ப விளக்குங்கள். 18-லிருந்து 42-க்குள்ளா, விடையைச் சொல்லாமல் பக்கத்தில் உள்ளவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாட விட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். 42-க்கு மேலா, ஒரு நிமிடத்தில் காரணம் சொல்லி நகருங்கள். முதல் வாக்கெடுப்பு முடிந்ததும் சரியான விடையைச் சொல்லிவிடுவதுதான் ஆசிரியர்கள் செய்யும் தவறு. கை பரபரக்கும். பொறுங்கள். பயிலரங்கில் ஒவ்வொருவரும் தம் பாடத்தில் இப்படி இரண்டு கேள்வி எழுத வேண்டும். ஒரு கேள்விக்கு முக்கால் மணி பிடிக்கும், அவசரப்படுத்த வேண்டாம்.

மொழியைப் பற்றி எந்த நிகழ்ச்சி நிரலிலும் ஓர் அமர்வு இருப்பதில்லை. வாழப்பாடி, தாரமங்கலம், எடப்பாடி, சங்ககிரிப் பக்கமிருந்து தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நம் முதலாண்டு வகுப்புகளில் நிறைய. ஆங்கில ஸ்லைடை அப்படியே வாசிப்பவர் வகுப்பில் அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், புரிவதில்லை. முழுக்கத் தமிழிலேயே நடத்துபவர் வகுப்பில் புரிகிறது, ஆங்கிலத்தில் எழுதும் தேர்வில் கை ஓடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவது ஒரு தொழில்நுட்பம், பழக வேண்டியது: அலகுக்கு 12 கலைச்சொல் மட்டும் தேர்ந்து முதல் நாளே கொடுப்பது, கருத்தைத் தமிழில் விளக்கி, கலைச்சொல்லை ஆங்கிலத்தில் நிறுத்தி, வகுப்பின் கடைசி 7 நிமிடத்தில் நான்கு வரி விடையைத் தேர்வு மொழியில் எழுதவைப்பது. அந்த நான்கு வரியில் பத்துத் தாளைப் புரட்டினாலே மறுநாள் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி ஒருநாள் நிகழ்ச்சி இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. இருபது செயலிகளின் பெயரை வரிசையாகச் சொல்வதால் பயனில்லை. ஒவ்வொருவரும் தாம் கொடுக்கும் அசைன்மென்ட் தலைப்பை அங்கேயே சாட்ஜிபிடியில் போட்டு, வந்த விடைக்குத் தம் விடைக்கூறுப்படி மதிப்பெண் போடட்டும். பத்துக்கு எட்டு வந்தால் அசைன்மென்டை மாற்ற வேண்டும். ஒன்றரை மணி போதும்.

இணையவழிப் பயிலரங்குகள் பற்றி ஒரு பத்தி. முந்நூறு பேர் இணைந்து, கேமராவை அணைத்துவிட்டு, 4:55-க்கு வரும் படிவ இணைப்புக்காகக் காத்திருப்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. இணையவழி வேண்டுமானால் ஐ.ஐ.டி.கள் வழங்கும் என்.பி.டி.இ.எல். போன்ற 8 வாரப் படிப்பு மேல்: வாரந்தோறும் ஒப்படைப்பு, அதற்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் கண்காணிப்புத் தேர்வுக்கு 75. ஒரே கல்லூரியில் ஆறேழு பேர் ஒரே படிப்பைப் பதிவுசெய்து, புதன்கிழமைதோறும் கடைசி மணியில் ஒன்றாக உட்கார்ந்தால், பாதியில் விடுபவர் குறைவார்கள். அந்த ஒரு மணியைக் கால அட்டவணையில் காலியாக வைப்பது மட்டும் உங்கள் வேலை.

பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளில் பெரும்பங்கு அவர்கள் தலையில். பதவி உயர்வுத் திட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்பதால் பயிற்சியும் தேவையில்லை என்று முடிவாகிவிடுகிறது. மாணவர் யாரிடம் படிக்கிறாரோ அவருக்குத்தானே பயிற்சி? 24 இடத்தில் எட்டை அவர்களுக்கு ஒதுக்குங்கள்; அந்த 5 நாளைப் பணிநாளாகக் கணக்கிட்டு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது சம்பளப் பட்டியல் போடும்போது யாருக்கும் நினைவிருக்காது.

கடைசி நாள் ‘மிக நன்று, நன்று’ படிவம் ஒருவர் மகிழ்ந்தாரா என்பதை மட்டும் சொல்லும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சி மதிப்பீட்டை நான்கு படியாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் விளைவு உண்டா. நாம் முதல் படியிலேயே நிற்கிறோம். மூன்றாம் படிக்கு ஏறத்தான் அந்த ஆறாவது வார அரைநாள். ஒவ்வொருவரும் இரண்டு பொருள் கொண்டுவர வேண்டும்: மாற்றி அமைத்த உள்மதிப்பீட்டு வினாத்தாள் அதன் பகுப்பாய்வோடு ஒன்று, சக ஆசிரியர் பார்த்து எழுதிய வகுப்புக் குறிப்புத் தாள் ஒன்று. சான்றிதழை அன்றைக்குக் கையில் கொடுங்கள். 5 நாள் வருகைப் பதிவு ஏற்கெனவே இருக்கிறது. சான்றிதழை எந்த நாளில் வழங்குவது என்பது பயிலரங்கம் நடத்துபவர் விருப்பம். முதல் நாளே இதை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் சண்டை வரும்.

வகுப்பைப் பார்ப்பதற்கு மூன்று பேர் மூன்று பேராகச் சேரட்டும், வெவ்வேறு துறையாக இருந்தால் நல்லது. வகுப்புக்கு முந்தின நாள் 10 நிமிடம்: எதைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பு நடத்துபவரே சொல்வார். மணி அடிக்குமுன் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். தாளில் பெஞ்சுகளைப் படமாகப் போட்டு, பேசிய மாணவர் இடத்தில் ஒரு கோடு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு எழுத்து: ஆசிரியர் பேசுகிறார் ‘ஆ’, மாணவர் பேசுகிறார் ‘மா’, எழுதுகிறார்கள் ‘எ’. 50 நிமிட வகுப்புக்கு 25 எழுத்து. கோடுகள் முதல் இரண்டு பெஞ்சிலேயே குவிந்திருந்தால் விளக்கமே தேவையில்லை. அன்றைக்கே 15 நிமிடம் பேசிவிட்டு, தாளை நடத்தியவரிடமே கொடுத்துவிட வேண்டும். அரைநாள் கூட்டத்தில் அவரே அதைக் காட்டுவார். கூட்டம் முடிந்ததும் அவரே எடுத்துப் போவார். முதல்வர் அறைக்கு நகல் போகக்கூடாது. இதில் மட்டும் நாங்கள் கறாராக இருக்கிறோம்: ஒரே ஒரு தாள் ஒரே ஒருவரின் ஆண்டு மதிப்பீட்டில் சேர்ந்தாலும், அடுத்த பருவத்தில் எல்லோரும் ‘காட்சி வகுப்பு’ நடத்துவார்கள், பார்க்க ஒன்றும் இருக்காது.

நேரம்: ஜூனில் வகுப்பு தொடங்குமுன் 5 நாள், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஆறாவது அல்லது ஏழாவது வாரம் அரைநாள். பேப்பர் திருத்தும் முகாம் நாட்களையும், ஆண்டறிக்கை அனுப்பும் அவசரத்தில் எண்ணிக்கை சேர்க்கும் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, பையும் கோப்பும் நினைவுப் பரிசும் நீங்கினால் நகல் எடுக்கும் செலவு அதிலேயே அடங்கிவிடும். பன்னிரண்டு பேச்சாளருக்குப் பதில், 5 நாளும் கூடவே இருக்கும் நான்கு நெறியாளர் போதும். இருவர் உங்கள் கல்லூரியிலேயே இருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

அழைப்புச் சுற்றறிக்கையில் ‘அனைவரும் வருக’ என்ற வரிக்குக் கீழே இதைச் சேர்த்துவிடுங்கள்: “கடைசியாக நீங்கள் வைத்த உள்மதிப்பீட்டு வினாத்தாள், அதன் விடைக்குறிப்பு, பதிவெண் மறைத்து மதிப்பெண் வரிசையில் அடுக்கிய விடைத்தாள் கட்டு, இந்தப் பருவத்தில் நீங்கள் எடுக்கும் முதல் அலகின் பாடத்திட்டம், ஒரு கால்குலேட்டர். இவற்றோடு காலை 9:45-க்கு அறைக்கு வரவும். விடைத்தாள் கொண்டுவராதவருக்கு முதல் நாள் வேலை இருக்காது.”

இப்படிக்கு,
சேலம் வட்டாரக் கல்லூரிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் சிலர்